சிறையில் தின்ற கிழங்கு



சில மாதங்களுக்கு முன் என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வங்கியில் லெட்ஜர்களோடு காலம் கழித்த நான், அறுபது வயதுக்கு மேல் கரண்டி பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்த மட்டன் கொத்துக்கறி பாதிக்கு மேல் மீந்துவிட்டது. என் மனைவியோ நேற்று வைத்த கறியைத் தொடமாட்டாள். மகளிடம் தொலைபேசியில் புலம்பியபோது அவள் ஒரு பிரெஞ்சு உணவின் பெயரைச் சொன்னாள்: ஆஷி பார்மான்தியே.

கீழே கொத்துக்கறி, மேலே மசித்த உருளைக்கிழங்கு, அதற்கும் மேலே துருவிய சீஸ். அவனில் வைத்து மேற்புறம் சிவக்கும்வரை சுட்டால் முடிந்தது. பிரான்ஸில் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் வீட்டிலும் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவது. ஞாயிற்றுக்கிழமை வேகவைத்த மாட்டிறைச்சியில் மீந்ததை மறுநாள் தீர்ப்பதற்கென்றே வந்த வீட்டுச் சமையல். 'ஆஷி' என்றால் பொடியாகக் கொத்தியது. 'பார்மான்தியே' என்பது ஒரு மனிதரின் பெயர். இந்த உணவை அவர் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் அவர் பெயர் ஏன் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அந்துவான் ஒகுஸ்தான் பார்மான்தியே 1737ல் வடபிரான்ஸில் மோந்திதியே என்ற ஊரில் பிறந்தவர். தொழில் மருந்தாளர். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுப் படையோடு போனவர், பிரஷ்யர்களிடம் கைதியானார். அங்கே கைதிகளுக்குப் போட்ட உணவு உருளைக்கிழங்கு. அப்போது பிரான்ஸில் பலர் அதைப் பன்றித் தீவனமாகத்தான் பார்த்தார்கள். தின்றால் தொழுநோய் வரும் என்ற பயமும் சில பகுதிகளில் இருந்தது. அதையே தின்று வாழ்ந்த பார்மான்தியேவுக்கு ஒரு நோயும் வரவில்லை. திடமாக ஊர் திரும்பினார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அன்றைய கூலிக்காரரின் வரவு செலவைப் பார்த்தால் புரியும். சாதாரண நாளிலேயே வருமானத்தில் ஏறக்குறைய பாதி ரொட்டிக்குப் போய்விடும். கோதுமை விளைச்சல் பொய்த்தால் அந்தக் கணக்கு எந்த வழியிலும் நேராகாது. 1774ல் விளைச்சல் குறைந்தது. 1775ல் பாரிஸிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜனங்கள் தானியக் கிடங்குகளிலும் ரொட்டிக் கடைகளிலும் புகுந்தார்கள். அதற்கு 'மாவுப் போர்' என்றே பெயர். கோதுமை கைவிட்டால் அடுத்து எதைத் தின்பது என்பது உயிர்ப் பிரச்சினை.

பெசான்ஸோன் நகரத்து அறிஞர் கழகம் 1771லேயே ஒரு போட்டி அறிவித்திருந்தது. பஞ்சக் காலத்தில் வழக்கமான உணவுக்குப் பதிலாக எந்தத் தாவரங்களைப் பயன்படுத்தலாம் என்பது கேள்வி. பரிசு வாங்கியவர் பார்மான்தியே. 1772ல் பாரிஸ் மருத்துவப் புலமும் உருளைக்கிழங்கைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது.

சான்றிதழ் கிடைத்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. பாரிஸில் போர்வீரர்களுக்கான இன்வாலித் மருத்துவமனையில் அவர் மருந்தாளராக இருந்தார். அங்கே மருந்தகத்தை நடத்திவந்த கன்னியாஸ்திரீகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. முடிவில் தலைமை மருந்தாளர் பதவி போயிற்று. சம்பளமும் குடியிருப்பும் மட்டும் தங்கின. என்னைப் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும்!

பார்மான்தியேவும் ஓரிடத்தில் சறுக்கினார். ஜனங்கள் ரொட்டியைத்தான் நம்புகிறார்கள், ஆகவே கிழங்கையே ரொட்டியாக்கிக் கொடுப்போம் என்று எண்ணினார். கோதுமை மாவு கலக்காமல் கிழங்கு ரொட்டி சுடப் பல வருடங்கள் பாடுபட்டார். அது எடுபடவில்லை. கடைசியில் கிழங்கு பிரெஞ்சு வீடுகளுக்குள் வந்தது ரொட்டி வேஷத்தில் அல்ல. சூப்பாகவும் மசியலாகவும், கிழங்காகவே வந்தது.

1786ல் மன்னர் பதினாறாம் லூயி பாரிஸை ஒட்டிய சப்லோன் என்ற மணல்வெளியில் அவருக்கு நிலம் கொடுத்தார். படைகள் பயிற்சி செய்த வறண்ட பூமி. அதில் கிழங்கு விளைந்தது. பகலில் சிப்பாய்களைக் காவல் வைத்து, இரவில் காவலை எடுத்துவிட்டாராம். காவல் போடுமளவுக்கு உயர்ந்த பொருள் போலிருக்கிறது என்று ஊரார் திருடிக்கொண்டுபோய்த் தங்கள் நிலத்தில் நட்டார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நியாயமாகச் சொன்னால், அல்சாஸ், லொரேன் போன்ற கிழக்குப் பகுதி ஏழைகள் அவருக்கு முன்பே உருளைக்கிழங்கு தின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஏழை தின்பதை மற்றவர்களும் மதித்துச் சாப்பிட வைத்ததே பார்மான்தியேவின் சாதனை.

1813ல் அவர் காலமானார். பாரிஸில் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அவர் சமாதியில் இன்றும் பார்வையாளர்கள் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். பாரிஸ் மெட்ரோவில் அவர் பெயரில் ஒரு நிலையம் உண்டு. பிரெஞ்சுச் சமையலில் ஓர் உணவின் பெயரில் 'பார்மான்தியே' என்று வந்தால் அதில் உருளைக்கிழங்கு இருக்கிறது என்று பொருள்.

இனி நான் செய்த விதம். ஒரு கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து, சூட்டோடு 50 கிராம் வெண்ணெயும் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகக் காய்ச்சிய பாலும் ஊற்றிக் கட்டியில்லாமல் மசித்தேன். உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் சேர்த்தேன். இரண்டு வெங்காயம், நாலு பல் பூண்டு வதக்கி, மீந்த கொத்துக்கறி அரைக் கிலோவைப் போட்டு நீர் வற்றக் கிளறினேன். நீர் நின்றால் அடியில் குழம்பாகிவிடும். கண்ணாடிப் பாத்திரத்தில் கறியைப் பரப்பி, மேலே மசியலை மூடி, முள்கரண்டியால் கோடு இழுத்து, சீஸ் தூவி, 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். சைவர்கள் கறிக்குப் பதிலாகக் காளானைப் பொடியாக நறுக்கி வதக்கிக்கொள்ளலாம்.

என் மனைவி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகுதான் அது நேற்றைய கறி என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த வாரம் கால் கிலோ கூடுதலாவே வாங்கிடுங்க" என்றாள்.