சிரிப்புக்குப் பின்னால் ஆடிய கால்கள்

துயரத்தில் ஆழ்ந்த ஒருவர் மருத்துவரை நாடிச் செல்கிறார். "நகரில் கோமாளி கிரிமால்டியின் ஆட்டம் நடக்கிறது, போய்ப் பாருங்கள், மனப்பாரம் நீங்கும்" என்கிறார் மருத்துவர். வந்தவரோ, "ஐயா, அந்தக் கிரிமால்டி நான்தான்" என்கிறார். மறையுரைகளிலும் தியான உரைகளிலும் நாம் கேட்டுப் பழகிய கதை இது. பாரிஸ் நகரத்து நடிகர் தெபுரோவைப் பற்றியும் இதே கதையைச் சொல்வதுண்டு. எனவே இதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் ஜோசப் கிரிமால்டி வாழ்ந்தது வரலாறு. அவரது வேதனை மனத்தைவிட மூட்டுகளில்தான் மிகுதியாக இருந்தது என்பதும் வரலாறே.

அவர் ஆடிய கலைக்குப் 'பாண்டமைம்' என்று பெயர். இங்கிலாந்தில் அது கிறிஸ்து பிறப்புக் காலத்தின் மக்கள் நாடகம். புனித முடியப்பர் திருநாளாகிய டிசம்பர் 26-ஆம் நாளோ அதை அடுத்தோ புதிய பாண்டமைம் மேடையேறுவது வழக்கமாயிற்று. முதலில் ஒரு தேவதைக் கதை நடக்கும். பின்னர் தேவதை ஒருத்தி காதலர் இருவரையும் ஹார்லிக்வினாகவும் கொலம்பைனாகவும் உருமாற்றுவாள். அவர்களைத் துரத்தும் கிழவன் பாண்டலூன் ஆவான். அவனுடைய வேலையாள் கோமாளி ஆவான். அதன்பின் ஒரே ஓட்டம், அடி, விழுகை, மாயம்! இத்தாலிய முகமூடி நாடகத்தின் பழைய பாத்திரங்களே இலண்டன் கடைத்தெருவுக்குக் குடிபெயர்ந்து வந்தன எனலாம்.

இக்கலை உடலையே நம்பி வளர்ந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலண்டனில் வசன நாடகம் நடத்தும் உரிமை பெரும்பாலும் டுரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரு அரங்குகளுக்கே உரியதாயிற்று. சாட்லர்ஸ் வெல்ஸ் போன்ற மற்ற அரங்குகள் இசையையும் நடனத்தையும் ஊமை நடிப்பையும் கொண்டே பிழைக்க வேண்டியிருந்தது. 1843-இல்தான் இந்தத் தனியுரிமை முடிவுக்கு வந்தது. வாயைக் கட்டிய அதிகாரம் கால்களைக் கட்ட மறந்தது போலும்!

இன்று பாலே நடனத்தை உயர்ந்தோர் கலை என்றும், கோமாளி ஆட்டத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்றும் பிரித்துப் பேசுகிறோம். அன்று இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1717-இல் ஜான் வீவர் என்ற நடன ஆசிரியர், சொல்லே இல்லாமல் நடனத்தாலும் சைகையாலும் ஒரு முழுக்கதையை டுரூரி லேன் மேடையில் நிகழ்த்திக் காட்டினார். கோமாளிகளின் தலைவரான கிரிமால்டியும் பாலேக் குடும்பத்தில் பிறந்தவரே. தந்தை ஜுசெப்பே டுரூரி லேனில் பாலே ஆசிரியர். தாய் ரெபெக்கா நடனப் பெண். 1778-இல் பிறந்த குழந்தை, மூன்று வயது நிறைவதற்குள் மேடையேறிவிட்டது. தந்தை அவரைக் குரங்கு வேடமிட்டுச் சங்கிலியில் கட்டிச் சுழற்றுவாராம். ஒருநாள் சங்கிலி அறுந்து, பிள்ளை அவையோர் நடுவே போய் விழுந்தான் என்று, பின்னாளில் சார்லஸ் டிக்கன்ஸ் பதிப்பித்த கிரிமால்டியின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. தந்தை 1788-இல் இறந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனின் கூலியும் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது.

1806 டிசம்பர் 29-இல் கோவென்ட் கார்டனில் அரங்கேறிய 'மதர் கூஸ்' அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. முதற்பருவத்திலேயே 92 முறை நடந்தது அது. வெள்ளை பூசிய முகம், கன்னங்களில் சிவப்பு முக்கோணங்கள். அவருக்குப் பின் வந்த கோமாளிகள் பலரும் அவர் பெயராலேயே 'ஜோயி' என்று அழைக்கப்பட்டனர். காய்கறிகளை அடுக்கி ஒரு குத்துச்சண்டை வீரனைச் செய்வார்; அது உயிர்பெற்று அவரையே விரட்டும். நிலக்கரி வாளிகளை நீண்ட காலணிகளாக மாட்டிக்கொண்டு குதிரைப்படை அதிகாரிகளின் ஆடம்பரத்தைக் கேலி செய்வார். நெப்போலியனுடன் போர் நடந்த காலத்தில் படைவீரரின் உடையைப் பார்த்துச் சிரிக்க ஒரு கோமாளிக்கே துணிவிருந்தது.

ஒரே இரவில் இரண்டு அரங்குகளில் ஆடிய உடல் எத்தனை நாள் தாங்கும்? 1823-இல், நாற்பத்தைந்து வயது நிறையுமுன்னரே, கோவென்ட் கார்டனை விட்டு விலகினார். 1828 ஜூன் 27-இல் டுரூரி லேனில் விடைபெற்றபோது நிற்க இயலாமல் நாற்காலியில் அமர்ந்தவாறே ஒரு காட்சியை நடித்தார். தம் தொழிலைத் தொடர்வான் என்று நம்பிய ஒரே மகனை 1832-இல் இழந்தார். 1837-இல் இறந்த அவரைப் பெண்டன்வில் புனித யாக்கோபு ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்தனர். அவ்விடம் பின்னர் அவர் பெயரால் பூங்காவாயிற்று. 2010-இல் அங்கே கல்லறைப் பெட்டி வடிவில் உலோகத் தகடுகள் பதிக்கப்பட்டன. அவற்றின்மேல் ஏறி ஆடினால் இசை எழும்.

கோமாளியின் பெயரையாவது உலகம் காத்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் ஆடிய நடனப் பெண்களின் பெயர்களை அது காக்கவில்லை.

1832-இல் பாரிஸில் மரீ தக்லியோனி ஆடிய 'லா சில்ஃபீட்' பாலேக்குப் பின், மெல்லிய வெண்துகில் உடுத்து மண்ணில் கால் படாமல் மிதக்கும் பெண்ணுருவம் ஐரோப்பாவெங்கும் பரவியது. பாண்டமைம் அதனை ஆவலோடு ஏற்றது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் உருமாற்றக் காட்சியே நாடகத்தின் மணிமகுடமாயிற்று. இரும்புச் சட்டங்களில் கட்டப்பட்ட பெண்கள் தேவதைகளாக அந்தரத்தில் தொங்குவர். சுற்றிலும் எரிவாயு விளக்குகள். ஒத்திகை நாட்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. தீப்பற்றுவது அவர்களுடைய அன்றாட அச்சம். 1844 டிசம்பரில் டுரூரி லேனில் பாலே ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டரின் ஆடையில் விளக்குத் தீ பற்றியது. மூன்றாம் நாள் அவர் இறந்தார். பாரிஸிலும் 1862-இல் எம்மா லிவ்ரி ஒத்திகையின்போது இவ்வாறே எரிந்து, எட்டு மாத வேதனைக்குப்பின் உயிர்நீத்தார். இவர்கள் தனியாடல் புரிந்தவர்கள். ஆதலால் பெயர் தெரிகிறது.

பார்த்தவர்கள் எதனைப் பார்த்தார்கள்? அறிஞர் ஜான் ரஸ்கின் 1867-இல் ஒரு பாண்டமைமைப் பற்றி எழுதியிருக்கிறார். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அழகாக ஆடியபோது அவையில் கைதட்டல் இல்லை. திருடர் வேடமிட்ட நாற்பது பெண்கள் சுருட்டுப் பற்றவைத்தபோதோ அரங்கமே ஆர்ப்பரித்தது.

சமயவாதிகள் பலரின் பார்வையும் இதனின்று வெகுதூரம் விலகியதன்று. நடனப்பெண் என்றாலே ஒழுக்கமற்றவள் என்று முடிவுகட்டினார்கள். இந்நிலையில்தான் ஸ்டூவர்ட் ஹெட்லம் என்ற இளம் ஆங்கிலிக்கன் குருவைச் சந்திக்கிறோம். 1870-களின் தொடக்கத்தில் டுரூரி லேன் பகுதி ஆலயத்தில் துணைக்குருவாய் இருந்தபோது, நற்கருணை வாங்க வந்த பெண்கள் இருவர் தம் தொழிலை மறைத்து வந்ததை அவர் அறிந்தார். நாடக அரங்கில் ஆடுபவர்கள் என்று தெரிந்தால் பக்கத்தில் முழந்தாளிடுபவர்கள் ஒதுக்கிவிடுவார்களே என்ற அச்சம். திருப்பந்தியில் மறைந்துகொள்ள வேண்டியிருந்த அந்த இருவரே அவருடைய வாழ்வைத் திருப்பினர் என்று நாம் கருதுகிறோம்.

1877-இல் பெத்னல் கிரீன் பகுதித் தொழிலாளர் மன்றம் ஒன்றில், அரங்குகளுக்கும் இசைக்கூடங்களுக்கும் செல்லுமாறு இளைஞரை ஊக்கி அவர் உரையாற்றினார். இலண்டன் ஆயர் ஜாக்சன் வெகுண்டார், ஹெட்லம் பதவியிழந்தார். 1879-இல் அவர் 'திருச்சபை - அரங்கக் கழகம்' ஒன்றை நிறுவினார். நடனப் பெண்களும் குருக்களும் ஒரே அறையில் அமர்ந்து பேசினர். அவருடைய வாதம் எளிமையானது. அகத்திலுள்ள அருளுக்குப் புறத்தில் தெரியும் அடையாளமே அருட்சாதனம் எனில், பயின்ற உடலின் அழகிய அசைவு மட்டும் அருளுக்கு ஏன் அடையாளமாகக் கூடாது? அருட்சாதன இறையியலின் சொல்லை அவர் சற்றுத் தாராளமாகவே கையாண்டார் என்பது நம் எண்ணம். ஆனால் சொல்லுருவானவர் உடல் எடுத்தார் என்று நம்புகிற நாம், அவருடைய கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அவர் அழகைப் பேசியதோடு நின்றுவிடவில்லை. பதவியிழந்த அக்குரு, 1888-இல் கார்லோ பிளாசிஸின் பாலே இலக்கண நூலைத் தாமே பதிப்பித்தார். நடனம் எவ்வளவு கடும் பயிற்சி என்பதை மக்கள் அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். பாண்டமைமில் ஆடிய குழந்தைகளைக் காக்கச் சட்டம் தேவை என்ற குரலும் அக்காலத்தில் ஓங்கியது. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை மேடையேற்றுவதைத் தடுத்தது. ஏழுக்கும் பத்துக்கும் இடைப்பட்டோருக்கு உரிமம் கேட்டது. அச்சட்டம் நூறாண்டுக்கும் மேலாக முன்னரே இருந்திருந்தால், சங்கிலியில் சுழன்ற அந்தக் குரங்குப் பிள்ளை மேடைக்கு வந்திருக்க முடியாது.

புதிய ஆயர் கிரெய்டன் 1898-இல்தான் ஹெட்லமுக்கு மீண்டும் திருப்பணி உரிமம் அளித்தார். அதற்குள் இசைக்கூடப் பாடகர்கள் பாண்டமைமைக் கைப்பற்றிவிட்டனர். கிரிமால்டியின் கோமாளிக்காட்சி, பார்வையாளர் மேலங்கிகளைத் தேடி எழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஆடப்படும் ஒரு சிறு வாலாகச் சுருங்கியிருந்தது.