ஏழாம் ஆண்டுக் கடன்

யூதர்களின் மிஷ்னா கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் யூதா ஹ-நாசி தொகுத்தது. ஆறு பகுதிகளில் முதலாவதன் பெயரே 'விதைகள்'. பெரும்பாலும் உழவுச் சட்டங்கள். அறுவடையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் வயல் மூலையை ஏழைக்கு விடணும்.

நான் வியாபாரி. என் கண் நின்றது ஏழாம் ஆண்டுச் சட்டத்தில். அந்த ஆண்டு நிலம் தரிசு, கடனும் தள்ளுபடி. ஏழைக்கு நல்லதுதானே என்று தோணும். ஆனால் கடன் கொடுக்க ஆளே இல்லாமல் போச்சு. திரும்பி வராததைப் பேரேட்டில் எவன் எழுதுவான்?

ஏரோது மன்னன் காலத்து ஹில்லேல் இதற்கு 'புரோஸ்பூல்' என்றொரு பத்திரம் கண்டார். "எனக்கு வரவேண்டியதை எப்போது வேண்டுமானாலும் வசூலிப்பேன்" என்று நீதிபதிகளிடம் எழுதி ஒப்படைத்தால் கடன் நிற்கும். கடனாளிக்கு நிலம் இருக்கணும். இல்லாவிட்டால் கொடுத்தவனே தன் வயலில் துளியூண்டு தரலாம்! சட்டத்தை ஏமாற்றிய வேலை என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோணவில்லை. கடனே கிடைக்காதவனுக்குத் தள்ளுபடியால் என்ன லாபம்?

தள்ளுபடியான கடனை ஒருவன் கொண்டுவந்தால், "விட்டுவிட்டேன்" என்று சொல்லணும். "இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் வாங்கலாம். அப்படித் தருபவனைக் கண்டு சான்றோர் மனம் மகிழும் என்கிறது மிஷ்னா. என் நாற்பது வருஷக் கடையில் அப்படி வந்தவர் இரண்டே பேர்.