விலைக்கு வாங்கிய ரத்தம்

போன மாதம் பேரன் கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். கையில் ஒரு சான்றிதழ், ஒரு ஜூஸ் பாக்கெட். "நீங்க கொடுத்திருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டான். "கொடுத்ததில்லைடா, வாங்கியிருக்கேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நம் வயதுக்காரர்களுக்குப் புரியும்.

1974-இல் என் மனைவிக்கு முதல் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். என் குரூப் வேறு. வார்டு பாய் வாசலுக்குப் போய் ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கூட்டி வந்தார். பாட்டிலுக்கு 30 ரூபாய். அவர் முகம் வெளுத்திருந்தது. போன வாரம்தான் இன்னோர் இடத்தில் கொடுத்ததாகச் சொன்னார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை; நானும்தான். மனைவி பிழைத்தாள். இரண்டு மாதம் கழித்து அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துத் தேற்றினோம். அந்த ரத்தத்தால் வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

விஞ்ஞானம் என்னவோ எப்போதோ வந்துவிட்டது. 1901-லேயே வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். சோடியம் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று 1914-15-இல் தெரிந்ததும், எடுத்து வைத்துப் பிறகு ஏற்றவும் வழி பிறந்தது. யாரிடமிருந்து எடுப்பது என்பதில்தான் நாம் கோட்டை விட்டோம். காசுக்குக் கொடுப்பவர் நோயை மறைப்பார். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம் என்ற கணக்கெல்லாம் பசிக்குத் தெரியுமா?

1986-இல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர், நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி இங்கும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் பயம் வந்தது. 1989-இல் தானமாக வரும் ரத்தத்துக்கு அந்தச் சோதனை கட்டாயமானது. டில்லியில் 'காமன் காஸ்' அமைப்பை நடத்திய எச்.டி.ஷோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 ஜனவரி 4 அன்று தீர்ப்பு வந்தது. ரத்த வங்கிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம், இரண்டு ஆண்டுக்குள் ரத்த விற்பனை ஒழிய வேண்டும் என்றார்கள். 1998 ஜனவரி 1 முதல் அது தடையானது.

அதே தீர்ப்பில், ரத்தம் சேகரிப்பது, பதப்படுத்துவது, ஏற்றுவது பற்றி மருத்துவக் கல்லூரிகளில் தனி முதுநிலைப் படிப்பு தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பத்திரிகைகள் தடையைத்தான் பெரிதாகப் பேசின. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். அதற்கென்றே படித்தவர் பொறுப்பில் இருந்தால்தானே கொடுக்க வருபவரை நிறுத்திவைத்து நாலு கேள்வி கேட்பார்?

சிறுநீரகக் கதையும் இதே வழியில்தான் போனது. 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது. 80-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும் உறவல்லாதவரின் சிறுநீரகத்தையும் பொருத்த முடிந்தது. வில்லிவாக்கம் பக்கம் ஏழைகள் விற்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது, ரத்த விற்பனைத் தடைக்கும் முன்னாலேயே.

பேரன் முகாமில் பூர்த்தி செய்த படிவத்தில், கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி இருந்ததாம். அன்றைக்கு அந்த ரிக்‌ஷாக்காரரிடம் அதைக் கேட்டிருந்தால் எனக்கு அந்த பாட்டில் கிடைத்திருக்காது.