குருதி உறைதலுக்கு முந்திய மூலக்கூறு: சல்பேட்டுச் சர்க்கரைகளின் பரிணாமம்

உயிரினங்களில் காணப்படும் நீண்ட சர்க்கரைத் தொடர்கள் சிலவற்றில், கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட்டுத் தொகுதிகள் இணைந்துள்ளன. எதிர்மின்சுமை கொண்ட இத்தொகுதிகளால், அத்தொடர்கள் புரதங்களையும் கால்சியம் போன்ற அயனிகளையும் பற்றிக்கொள்ளும் ஆற்றலைப் பெறுகின்றன. சல்பேட்டுப் பாலிசாக்கரைடுகள் எனப்படும் இவற்றுள் மருத்துவ உலகில் பெரிதும் அறியப்பட்டது ஹெப்பாரின். குருதி உறையாமல் தடுக்கும் மருந்தாக அது புகழ்பெற்றிருந்தாலும், அதன் இயல்பான பணி அதுவன்று என்பதை வேதியியலும் ஒப்பீட்டு உயிரியலும் படிப்படியாக உணர்த்தியுள்ளன.

1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஹவெல் என்ற உடலியலாளரின் ஆய்வகத்தில் பணியாற்றிய மாணவர் ஜே மெக்லீன், குருதியை உறையச் செய்யும் பொருள்களைத் தேடுகையில், அதற்கு நேர்மாறாக உறைதலைத் தடுக்கும் சாறு ஒன்றைக் கண்டார். 1918இல் ஹவெல், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெப்பாரின் என்ற பெயரை உருவாக்கினார். கொழுப்பில் கரையும் அத்தொடக்கப் பொருளிலிருந்து வேறுபட்ட, நீரில் கரையும் சர்க்கரைப் பொருளை அவர் பின்னர் பிரித்தெடுத்தார். அதில் சல்பேட்டு மிகுந்திருப்பதை 1930களில் ஸ்டாக்ஹோமில் எரிக் யோர்பஸ் நிறுவினார்.

உறைதலைத் தடுக்கும் திறன் தொடர் முழுவதற்கும் பொதுவானதன்று என்பது 1980களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஐந்து சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு சிறு பகுதியே ஆன்டித்ராம்பின் என்ற குருதிப் புரதத்துடன் இணைந்து, உறைதலுக்குக் காரணமான நொதிகளை அது விரைந்து அடக்கும்படி தூண்டுகிறது. அப்பகுதியின் நடு அலகிலுள்ள ஒரு குறிப்பிட்ட சல்பேட்டுத் தொகுதியை மட்டும் நீக்கினாலே அப்பிணைப்பு பெரிதும் குன்றிவிடும். இத்தகைய வரிசையை எந்த மரபணுவும் நேரடியாக எழுதி வைப்பதில்லை. செல்லின் கோல்கை உறுப்பிலுள்ள நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட்டு, ஆங்காங்கே சல்பேட்டை ஏற்றுவதாலேயே அது உருவாகிறது.

ஹெப்பாரின் பொதுவாகக் குருதியோட்டத்தில் உலவுவதில்லை. ஒவ்வாமையிலும் அழற்சியிலும் பங்குகொள்ளும் மாஸ்ட் செல்களின் துகள்களுக்குள் அது தங்கியுள்ளது. அதன் உருவாக்கத்துக்குத் தேவையான நொதியை இழந்த எலிகளில் அத்துகள்களின் சேமிப்பே சீர்குலைந்தது என்பதை 1999இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதற்கும் மேலாக, முதுகெலும்பிகளுக்குரிய உறைதல் முறை இல்லாத மட்டிகளிலும் ஹெப்பாரின் காணப்படுகிறது. அதன் உறவுப்பொருளான ஹெப்பாரான் சல்பேட்டு, ஹைட்ரா போன்ற எளிய விலங்குகளிலேயே உள்ளது. விலங்குச் செல்களின் புறப்பரப்பில் அமர்ந்து, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களை ஏற்பிகளுடன் இணைப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று.

கடற்பஞ்சுகளில் இதைவிட எளிய பயன்பாட்டைக் காணலாம். கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் பிழிந்து செல்களைப் பிரித்தாலும் அவை மீண்டும் திரண்டு உடலாகும் என்பதை 1907இல் ஹென்றி வில்சன் காட்டினார். அவ்வாறு செல்கள் ஒன்றையொன்று அறிந்து ஒட்டிக்கொள்வதில், கால்சியத்தின் துணையோடு சல்பேட்டுச் சர்க்கரைகள் பங்கேற்பதைப் பிற்கால ஆய்வுகள் வெளிப்படுத்தின. செம்பாசிகளின் கராஜீனனும் பழுப்புப்பாசிகளின் ஃபுகாய்டனும் இவ்வகையினவே. குளோரைடுக்கு அடுத்தபடியாகக் கடல்நீரில் மிகுந்துள்ள எதிர்மின் அயனி சல்பேட்டே என்பதால், கடல்வாழ்வோடு இவை கொண்ட தொடர்பு தற்செயலானதன்று. நிலத்தாவரங்களில் பொதுவாகக் காணப்படாத இச்சர்க்கரைகள், கடலுக்குத் திரும்பிய கடற்புற்களில் மீண்டும் தோன்றியிருப்பதும் இதையே வலியுறுத்துகிறது.

ஆகவே, செல்களை ஒட்டவும் புரதங்களைப் பற்றவும் பயன்பட்ட தொன்மையான சர்க்கரைக் குடும்பத்தின் ஆற்றலையே, பின்னர் உருவான குருதி உறைதல் ஒழுங்கமைப்பு தனக்குப் பயன்படுத்திக்கொண்டது எனக் கருதுவதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. ஒரு மூலக்கூறின் மருத்துவப் பயனைக் கொண்டு அதன் உயிரியல் பணியை முடிவுசெய்வது எத்துணைப் பிழையானது என்பதற்கு ஹெப்பாரினின் வரலாறு தக்க சான்றாகும்.