ஜொகூர்த் தோட்டப்புறத்துக் கெண்டி

கெண்டி என்பது தமிழுக்கும் மலாய் மொழிக்கும் பொதுவான சொல். இரு மொழியிலும் அது மூக்குள்ள நீர்க்கலத்தைக் குறிக்கும். வடமொழிக் 'குண்டிகை'யோடு அதனை உறவுபடுத்துவர் அறிஞர். நீர் காய்ச்சும் கலத்தையும் தேயிலை ஊறவைக்கும் கலத்தையும் மலாய்க்காரர் 'செரெக்', 'தெக்கோ' எனப் பிரித்து வழங்குவர். நம் கெண்டியோ, அடைமொழி கூட்டினாலன்றி அப்பிரிவினையை அறியாது. இன்று இவ்விரு கலமும் ஒன்றேயான எளிய வடிவக் கெண்டிகள் நகரத்துக் கடைகளில் புதுமையென்று விற்கப்படுகின்றன. ஜொகூர்த் தோட்டப்புறத்தார்க்கு அது புதுமையன்று.

இவை பிரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சீனத்தில் தேயிலையைப் பொடித்துக் கலக்கிக் குடித்த காலத்தில் ஊறவைக்கும் கலம் வேண்டப்படவில்லை. தேயிலைக் கட்டிகளைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை மிங் பேரரசர் 1391இல் நிறுத்தியபின், உதிரி இலையை வெந்நீரில் ஊறவைக்கும் முறை ஓங்கிற்று. யீசிங் நகரின் சிறு மண்கெண்டிகள் பிற்பாடு புகழ்பெற்றன. அவை இலையின் மணத்தைக் காக்கும். ஆனால் அடுப்பில் ஏற்றுவதற்கு ஆனவையல்ல. ஆகவே நீர் காய்ச்சத் தனிக்கலம் வேண்டியதாயிற்று. தியோச்சூ சீனர் இம்முறையில் தேர்ந்தவர்கள். 1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம் வழங்கிய ஆற்றுப் பத்திரங்களைப் பெற்று ஜொகூரில் கம்பிரும் மிளகும் பயிரிட்டோருள் பெரும்பாலோர் அவர்களே. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அக்குடியேற்றத்தின் எச்சங்கள்.

கம்பிர் தளர்ந்து ரப்பர் பரவியபோது தமிழர் பெருந்தொகையினராய் வந்தனர். லயத்து அடுப்படியில் இரு கலங்களுக்கு இடமில்லை. அதற்குப் பொழுதும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே! பல வீடுகளில் மங்குக் கெண்டியில் நீர் கொதித்ததும் தேயிலைத் தூளை அதிலேயே இட்டு மூடி, இறக்கி, வடித்துக் குடித்தனர். மிஞ்சியது புட்டியில் நிறைந்து, பசியாறும் வேளைக்காகப் பால்மரக் காட்டுக்குச் சென்றது.

மங்கின் சிறப்பை இங்கே சொல்லியாக வேண்டும். இரும்பும் துவர்ப்பும் கூடினால் கருமை பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை ஆக்கியது இதனாலேயே. (கம்பிரும் துவர்ப்புப் பொருளே, தோல் பதனிடுவதற்காகக் கப்பலேறியது.) தேயிலையிலும் துவர்ப்பு உண்டாதலால் வெறும் இரும்புக் கலத்தில் தேநீர் கறுத்துச் சுவை கெடும். மங்கு என்பதோ இரும்புத் தகட்டின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு. தீயை இரும்பு தாங்கிற்று. தேநீரைக் கண்ணாடி காத்தது. கைதவறி விழுந்து பூச்சுப் பெயர்ந்தால் அவ்விடம் துருவேறும். மற்றொரு குறையும் உண்டு: தூள் உள்ளேயே கிடப்பதால் மறுபடி சூடேற்றிய தேநீர் கசக்கும். இக்காலக் கெண்டி, வெளியே எடுத்துவிடத்தக்க வடிகூடையால் இக்குறையை நீக்கியிருக்கிறது. அதன் புதுமை அவ்வளவே.

பொருள்களின் வரலாறும் அவற்றை உடையோரின் நிலையைப் பொறுத்தே எழுதப்படுகிறது. 1866இல் கட்டப்பெற்ற ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசார் 1990இல் அருங்காட்சியகமாகி, அரச குடும்பத்தின் வெள்ளியையும் பளிங்கையும் மக்களுக்குக் காட்டியது. தோட்டங்களோ செம்பனைக்கு மாறின. லயங்கள் பல இடிக்கப்பட்டன. நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோர் மங்குக் கெண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டனர். தப்பியவை சில, கைப்பிடி கழன்று, பூஞ்செடிகளுக்கு நீர் வார்க்கின்றன.