மதில் எழுந்த கதை: பௌத்த மரபில் துயர உணர்வு

சித்தார்த்தன் தேரேறிப் போனான்; கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு கலங்கினான்; ஒரு துறவியைக் கண்டு தெளிந்தான். பள்ளிப் பாடத்திலேயே நமக்கு அறிமுகமான கதை இது. ஆனால் பாலி மொழி உரைத்தொகுப்புகளான நிகாயங்களில் புத்தர் தம் துறவைத் தாமே விவரிக்கும் இடங்களில் இந்தத் தேர் இல்லை. தாயும் தந்தையும் அழுதுகொண்டிருக்க, தலையை மழித்துக் காவியுடுத்திப் புறப்பட்டதாக மட்டுமே 'அரியபரியேசன சுத்தம்' என்னும் உரை கூறுகிறது. நான்கு காட்சிகள் 'மகாபதான சுத்த'த்தில் விரிவாக வருகின்றன. அங்கே அவற்றைக் காண்பவர் விபஸ்ஸி என்னும் முற்காலப் புத்தர்.

அங்குத்தர நிகாயத்தின் 'சுகுமால சுத்தம்' காட்டும் விழிப்பு வேறு வகையானது. பருவத்துக்கு ஒன்றாக மூன்று மாளிகைகள், தாமரைக் குளங்கள், காசித் துணி எனத் தம் இளமையைச் சொல்லிவரும் புத்தர், சட்டென்று ஓர் எண்ணத்துக்குத் திரும்புகிறார். தானும் மூப்படையப் போகிறவன் என்பதை மறந்துதான் மனிதன் முதியவரைக் கண்டு அருவருக்கிறான். அந்த அருவருப்பு எனக்குத் தகாது என்று அவர் எண்ணிய கணத்தில் இளமைச் செருக்கு அற்றுப்போகிறது. அடுத்து உடல்நலச் செருக்கும், பின் உயிர்வாழும் செருக்கும் அவ்வாறே அறுகின்றன. செருக்குக்குப் பாலியில் உள்ள சொல் 'மதம்'. யானைக்குப் பிடிப்பதாக நாம் சொல்லும் அதே மதம். இங்கே அவரிடமிருந்து எதையும் யாரும் ஒளிக்கவில்லை. கண்ணெதிரே இருந்ததைத் தன்னுடையதாகக் கருதாத மனமே மறைப்பு.

கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அசுவகோஷரின் 'புத்தசரித'த்தில் அந்த மறைப்பு தந்தையான அரசனின் கைக்குப் போய்விடுகிறது. இளவரசன் வரும் வீதியிலிருந்து முதியோரும் நோயுற்றோரும் அகற்றப்படுகிறார்கள். தேவர்கள் ஒரு கிழவனைத் தோற்றுவிக்கிறார்கள். அவர்களே தேரோட்டியின் மதியையும் மயக்கி உண்மையைச் சொல்லவைக்கிறார்கள். புத்தரின் கதையைச் சொல்லும் இன்னொரு நூலான 'லலிதவிஸ்தரம்' ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திசைவாயிலை ஒதுக்குகிறது. அகத்தே இருந்த மறைப்பு நகரமதிலாக எழுந்துவிட்டது.

இதை வெறும் இழப்பென்று நான் கருதவில்லை. ஒரு மனிதன் தன் அருவருப்பைக் கண்டு நாணுவதைக் கல்லில் செதுக்குவது எளிதன்று. வாயிலையும் தேரையும் ஊன்றுகோல் பிடித்த முதியவரையும் செதுக்கலாம். சீனத்தின் யுன்காங் ஆறாம் குகையில் 5ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் அதைச் செய்தார்கள். ஜாவாவின் போரோபுதூரில் லலிதவிஸ்தரத்தைச் சொல்லும் 120 புடைப்புச் சிற்பங்களுள் நான்கு இக்காட்சிகளுக்கே உரியவை.

புத்தரின் இளமையில் நடந்த நாவல் மரத்தடி நிகழ்ச்சியின் வளர்ச்சி இதைவிட வியப்பூட்டுவது. 'மகாசச்சக சுத்த'த்தில் அது ஓர் இனிய நினைவு: தந்தை வேலையில் இருந்தபோது மரநிழலில் அமர்ந்து அடைந்த முதல் தியானச் சுகம். அசுவகோஷரிடம் அதே இடத்தில் கலப்பை மண்ணைக் கீறுகிறது. புழுபூச்சிகள் அறுபட்டுக் கிடக்கின்றன. வெயிலிலும் காற்றிலும் உழவர் கருத்துப்போயிருக்கிறார்கள். எருதுகள் களைத்து நிற்கின்றன. அவற்றுக்காக வருந்திய பின்னரே இளவரசன் தியானத்தில் அமர்கிறான். காந்தாரத்துச் சஹ்ரி பஹ்லோலில் கிடைத்து இன்று பெஷாவர் அருங்காட்சியகத்தில் உள்ள தியானச் சிலையின் பீடத்தில் அந்த உழவு செதுக்கப்பட்டிருக்கிறது. தன் மூப்பை எண்ணித் தொடங்கிய உணர்வு, பிற உயிரின் வலியைக் காணும் இடத்துக்கு வந்துவிட்டது.

தமிழில் சீத்தலைச் சாத்தனாரின் 'மணிமேகலை' இந்த உணர்வை மேலும் ஒரு படி நகர்த்துகிறது. மூப்பும் பிணியும் சாக்காடும் அதிலும் பேசப்படுகின்றன. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் மகன் சார்ங்கலனை இழந்த கோதமையின் கதறல் ஒலிக்கிறது. ஆயினும் காப்பியம் முன்னிறுத்தும் துயரம் பசி. அதற்கு அது இடும் பெயர் பசிப்பிணி. மூப்பையும் சாவையும் நீக்க யாராலும் ஆகாது; சோறிட்டால் பசி தீரும். காப்பியத் தலைவி மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாமல் உணவு தரும் பாத்திரமான அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து அங்கிருப்போருக்கு உணவிடுகிறாள். பின்னர் அவள் வேண்டியபடியே அரசன் அதை அறக்கோட்டம் ஆக்குகிறான்.