பழைய கறுப்பு வெள்ளைப் படம்: ஸ்கேன் செய்யும்போதே காக்க வேண்டிய சாயல்கள்

நினைவஞ்சலி விளம்பரத்திற்காகவோ, வீட்டுச் சுவரில் மாட்டவோ, தாத்தா பாட்டியின் பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுப்பது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். திரும்பி வரும் படத்தில் கன்னம் திட்டுத் திட்டாக இருக்கும். பின்னணி வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். “படம் பழசு, இவ்வளவுதான் வரும்” என்று கடையில் சொன்னால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பல நேரங்களில் குறை படத்தில் இல்லை. அது ஸ்கேன் செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. 16 பிட் கிரேஸ்கேலில் எடுக்க வேண்டிய படம் 8 பிட்டில் எடுக்கப்பட்டதே காரணமாக இருக்கலாம்.

மிஞ்சிய ஒரே முகம்

மலாயாவில் 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை கட்டாயமானது. அதில் படமும் பெருவிரல் ரேகையும் இருந்தன. பால்மரம் சீவிய தலைமுறையில் பலருக்கு அந்தச் சின்னஞ்சிறு படம்தான் மிஞ்சிய ஒரே முகம். தோட்டத் துண்டாடலின்போதும், பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. லயத்து வீட்டுச் சுவரில் இருந்த படங்கள் பெட்டிக்குள் போயின. இந்நாட்டு ஈரக்காற்றில் அவை மங்குகின்றன, பூஞ்சை பிடிக்கின்றன. இன்று ஸ்கேனரில் பதிவாகாத சாயல், 10 ஆண்டு கழித்துத் தாளிலும் இல்லாமல் போகலாம்.

256 படிகளும் 65,536 படிகளும்

கறுப்பு வெள்ளைப் படம் என்கிறோமே தவிர, அதில் இருப்பவை பெரும்பாலும் சாம்பல் நிறச் சாயல்களே. கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுத்து இச்சாயல்களைக் குறித்துவைக்கிறது. எத்தனை சாயல்களைப் பிரித்தறிய முடியும் என்பதைச் சொல்வதே பிட் அளவு.

பத்துமலைப் படிகளை நினைத்துக்கொள்ளலாம். அடிவாரம் முழுக் கறுப்பு, குகை வாசல் முழு வெள்ளை. அங்கே 272 படிகள் உள்ளன. 8 பிட் படத்தில் இருப்பவை அதைவிடக் குறைவு: 256 படிகள்தாம். 16 பிட்டில் உயரம் அதேதான், ஆனால் படிகள் 65,536. அடுத்தடுத்த சாயல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மிக நுட்பமாகிவிடுகிறது.

நல்ல நிலையில் உள்ள படத்தைத் திரையில் பார்க்க 256 சாயல்கள் போதும். பெரும்பாலான திரைகளும் அவ்வளவையே காட்டுகின்றன. அதனால் ஸ்கேன் செய்த உடனே 8 பிட்டையும் 16 பிட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. படத்தைத் திருத்தத் தொடங்கும்போதுதான் அது வெளிப்படும்.

மங்கிய படத்தில் நடப்பது என்ன?

மங்கிய படத்தில் முழுக் கறுப்பும் இருக்காது, முழு வெள்ளையும் இருக்காது. எல்லாமே நடுத்தரச் சாம்பலில் அடங்கியிருக்கும். 256 படிகளில் 90 முதல் 170 வரையிலான ஏறத்தாழ 80 படிகளில் மட்டும் படம் நிற்கிறது என்று கொள்வோம். கறுப்பைக் கறுப்பாக்கி, வெள்ளையை வெளுக்கச் செய்ய, மென்பொருள் அந்த 80 படிகளை மேலும் கீழும் இழுத்து 256 படிகளின் உயரத்திற்கு நிரவுகிறது. சாயல்கள் புதிதாகப் பிறப்பதில்லை. மூன்று படிகளுக்கு ஒரு படி என்று தாவல்தான் ஏற்படுகிறது. கன்னத்தில் திட்டும் வானத்தில் பட்டையும் வருவது இதனால்தான்.

அதே படத்தை 16 பிட்டில் எடுத்தால், அந்தக் குறுகிய பகுதிக்குள் 20,000க்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் கடைசியில் தேவைப்படும் 256 படிகளும் நிரம்பியே இருக்கும்.

இதை எளிதில் சோதிக்கலாம். திருத்திய பிறகு ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், 8 பிட் படத்தில் அது சீப்புப் பல் போல இடைவெளி விட்டு நிற்கும். 16 பிட் படத்தில் பெரும்பாலும் தொடர்ச்சியான மேடாகத் தெரியும்.

ஸ்கேனரில் கவனிக்க வேண்டியவை

ஸ்கேனர் மென்பொருளில் ‘16 பிட் கிரேஸ்கேல்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எளிய வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றில் 8 பிட் மட்டுமே இருக்கும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்ணத்திற்கு ‘24 பிட்’ என்று போட்டிருந்தால் அது 16ஐவிட மேலானது அன்று. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்பதே அதன் பொருள். வண்ணத்தில் 16 பிட்டுக்கு இணையானது ‘48 பிட்’.

மஞ்சள் கறை படிந்த படங்களை 48 பிட் வண்ணத்தில் எடுப்பது நல்லது. மஞ்சள் கறை நீலப் பகுதியில்தான் அதிகம் தெரியும், சிவப்புப் பகுதியில் மிகக் குறைவு. பிறகு சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் கறை பெரிதும் மறைந்த கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும்.

சாதாரண படத்திற்கு அங்குலத்திற்கு 600 புள்ளி போதும். அடையாள அட்டை அளவுப் படத்திற்கு 1,200 புள்ளி தேவை. 1 அங்குல அகலப் படம் அப்போது 1,200 பிக்சலாகும். அதை 8 அங்குலத்திற்குப் பெரிதாக்கினாலும் அங்குலத்திற்கு 150 பிக்சல் மிஞ்சும்.

ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவைக்க வேண்டும். கோப்பை டிஃப் அல்லது 16 பிட் பிஎன்ஜி வடிவில் சேமிக்க வேண்டும். வழக்கமான ஜேபெக் 8 பிட் மட்டுமே கொள்ளும். 4க்கு 6 அங்குலப் படம் 600 புள்ளியில் 8 பிட்டில் ஏறத்தாழ 8.6 மெகாபைட், 16 பிட்டில் 17.3 மெகாபைட். இன்றைய தம்ப்டிரைவுக்கு இது ஒரு சுமையே அன்று.

திருத்தும் வரிசை

இலவச மென்பொருளான ஜிம்ப், 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் 16 பிட்டையும் அதற்கு மேலும் கையாள்கிறது. ‘இமேஜ்’ பட்டியலில் ‘பிரிசிஷன்’ பகுதிக்குள் சென்றால் படம் எத்தனை பிட் என்று தெரியும். ஃபோட்டோஷாப்பில் ‘இமேஜ்’, ‘மோட்’ என்ற வரிசையில் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பின் 16 பிட் உண்மையில் 32,769 சாயல்களையே கொண்டது. இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுக்க வேண்டும். நகலில் ‘லெவல்ஸ்’ கொண்டு கறுப்பு, வெள்ளை எல்லைகளை அமைத்து, ‘கர்வ்ஸ்’ கொண்டு முகத்தின் ஒளியைச் சீராக்க வேண்டும். கீறல், பூஞ்சைப் புள்ளிகளை நீக்குவது அதற்குப் பிறகு. எல்லாம் முடிந்த பின்னரே 8 பிட்டுக்கு மாற்றி, அச்சுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஜேபெக் எடுக்க வேண்டும். மூலக் கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும்.

வரிசையைத் தலைகீழாக்கினால் பலன் இல்லை. 8 பிட்டில் எடுத்த படத்தைப் பிறகு 16 பிட்டாக மாற்றலாம், ஆனால் விடுபட்ட சாயல்கள் திரும்பி வரா.

எல்லைகளும் உண்டு

16 பிட் மந்திரம் அன்று. தாளில் முற்றாக அழிந்த பகுதியை அது மீட்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அப்பகுதியை நிரப்பித் தருவதுண்டு, ஆனால் அவை கண்ணையும் மூக்கையும் ஊகித்தே வரைகின்றன. பார்க்க அழகாக இருக்கும், தாத்தாவின் முகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 16 பிட் ஸ்கேன் தருவது தாளில் இன்னும் மிஞ்சியிருக்கும் உண்மையான சாயலை.

கடையில் கொடுப்பவர்கள் மூன்று சொற்களைக் கேட்டு வாங்கினால் போதும்: 16 பிட், கிரேஸ்கேல், டிஃப். பெரிதாக்கிய படத்தோடு திருத்தப்படாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது நல்லது. தோட்டத்தின் பெயரும் ஆண்டும் பென்சிலில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.